அம்மாவின் கண்ணுக்கு மதுரை போகலாமா?

கேள்வி, ஹட்டன்:
அம்மா 31 வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். இரண்டு கண்ணிலும் புரை. இப்போது நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டுப் படியில்கூடத் தடவித்தான் இறங்குகிறார். கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏலுமா?

பதில், நுவரெலியா:
மாமாவைக் கூட்டிப்போனேன். கொழும்பிலிருந்து நேரடி விமானம், ஒரு மணி நேரம்தான். மருத்துவ விசா எடுங்கள். துணைக்கு இரண்டு பேர் வரை போகலாம். எங்களுக்குச் சிகிச்சையைவிட அறை வாடகை, சாப்பாடு, மறுபரிசோதனைக்காகத் தங்கியதுதான் கையைக் கடித்தது.

பதில், கண்டி:
தங்கச்சி, முதலில் கண்டி தேசிய வைத்தியசாலை கண் கிளினிக்கில் காட்டுங்கள். அரசாங்கத்தில் சத்திரசிகிச்சை இலவசம், காத்திருக்கத்தான் வேணும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கா?

ஹட்டன்:
இருக்கு அண்ணா. சரி, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கண்டிக்குக் கூட்டி வருகிறேன்.