பாய்மரப் படகு வாங்கப் போறேன், ட்ரையல் பாத்தப்ப ஒரு பக்கமா இழுக்குது, உள்ள தண்ணியும் நிக்குது. வாங்கலாமா?

கூடல்நகர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மதுரை, அம்மா ஊர் தொண்டி. சின்ன வயசுல லீவுக்குப் போனா மாமா வத்தையில, அதான் நாட்டுப் படகுல, பாய் ஏத்திக் கூட்டிட்டுப் போவாரு, இப்ப அங்க எல்லாமே டீசல் இன்ஜின்தான், திருவிழாப் போட்டி வந்தாத்தான் பாயை வெளியவே எடுக்குறாங்க. அந்த ஆசை விடவே இல்ல. போன வருஷம் சென்னையில 5 நாள் கிளாஸ் போயி கத்துக்கிட்டேன், சின்ன படகுன்னா தனியா ஓட்டிருவேன்.

இப்ப தொண்டிக்குப் பக்கத்துல ஒரு படகு விலைக்கு வந்திருக்கு. 16 அடி, பைபர், அலுமினியப் பாய்மரம், பெரிய பாய் ஒண்ணு முன்பாய் ஒண்ணு, நடுவுல ஏத்தி இறக்குற பலகை. 1 லட்சத்து 60 ஆயிரம் சொல்றாரு. போன ஞாயித்துக்கிழமை விடியக்காலம் 4 மணிக்கு கிளம்பி சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியா 7 மணிக்கு முன்னாடியே போயிட்டேன். அவரு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுனாரு, என் கையில 10 நிமிஷம்தான் குடுத்தாரு.

அந்த 10 நிமிஷத்துல பாத்தது இது. சுக்கான் கட்டையை ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சாத்தான் நேரா போகுது, விட்டா படகு தானா காத்து வர்ற பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்குது. அடுத்து, எதிர்காத்துல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் திருப்புறப்ப 4 தடவைல 2 தடவை நடுவுலயே நின்னு போச்சு, பாய் படபடன்னு அடிச்சிக்கிட்டு படகு பின்னால போக ஆரம்பிச்சிருச்சு. கரைக்கு வந்து பாத்தா அடியில ரெண்டு மக்கு தண்ணி. கேட்டா எல்லாப் படகும் இப்படித்தான் தம்பி, அது அலை தெறிச்ச தண்ணின்னு சொல்றாரு. வேற பார்ட்டி வருது, வெள்ளிக்கிழமைக்குள்ள 20 ஆயிரம் அட்வான்ஸ் வேணுமாம். என்ன செய்யலாம் சொல்லுங்கண்ணே.

கரைவலை:

தம்பி மொதல்ல அட்வான்ஸ் குடுக்காதீங்க. வேற பார்ட்டி வந்தா வரட்டும், படகு இது இல்லாட்டி இன்னொண்ணு கிடைக்கும்.

காத்துப் பக்கம் திரும்புறது அளவா இருந்தா அது குறை இல்ல, நல்ல குணம். கை நழுவுனா படகு தானா காத்துக்கு முகம் குடுத்து நின்னுரும், உங்களைத் தூக்கிக்கிட்டு ஓடாது. தலைகீழா, விட்டவுடனே காத்தை விட்டு விலகி ஓடுச்சுன்னா அந்தப் படகுதான் ஆபத்து, கிட்டயே போகக்கூடாது. ஆனா ரெண்டு கை வேணும்னா அது அளவு மீறிப் போச்சு. பெரும்பாலும் மரம் பின்னால சாஞ்சிருக்கும், இல்ல பாய் பழசாகி துணி தொங்கி வயிறு பின்பக்கம் போயிருக்கும், இல்ல நீங்க உள்ள உக்காந்து படகு ஒரேயடியா சாஞ்சு ஓடியிருக்கும். மூணுமே இழுக்கும், ஆனா மொதலும் கடைசியும் காசு இல்லாம சரியாகுறது, நடுவுல உள்ளது புதுப் பாய் செலவு.

இதைச் சொல்லுங்க: பாய்மரத்தை முன்னால இழுத்துப் பிடிக்கிற முன்கம்பி அணியத்துல, அதான் படகு மூக்குல, எப்படி மாட்டியிருக்கு? பலகை முழுசா கீழ இறங்கியிருந்துச்சா? நீங்க எந்தப் பக்கம் உக்காந்தீங்க? அந்தத் தண்ணியை நாக்குல வச்சுப் பாத்தீங்களா?

கூடல்நகர்க்காரன்:

அண்ணே போட்டோ எடுத்திருந்தேன், இப்பத்தான் பெருசு பண்ணிப் பாக்குறேன். அணியத்துல முன்கம்பி நேரா மாட்டல, ரெண்டு டி ஷேக்கிள் (டி எழுத்து மாதிரி இருக்குற மாட்டு வளையம்) ஒண்ணோட ஒண்ணு கோத்து அதுல மாட்டியிருக்கு. ஒண்ணு துருப்பிடிச்சது, ஒண்ணு புதுசு. பலகை முழுசா கீழதான் இருந்துச்சு. நான் நடுவுல உக்காந்தேன், அவருதான் ஓரத்துல இருந்தாரு. தண்ணி நாக்குல வைக்கல, தோணவே இல்ல.

கரைவலை:

அப்ப பாதி விடை கிடைச்சிருச்சு. அந்த ரெண்டாவது ஷேக்கிள் கூடுதல், கம்பி அறுந்து நீளம் கொறஞ்சு போயி ஒட்டுப் போட்டிருக்காங்க, அளவு தெரியாம நீளமாக்கிட்டாங்க. முன்கம்பி நீண்டா மரம் பின்னால சாயும், பாயோட இழுவை பின்னுக்குப் போகும், படகு காத்துக்குத் திரும்பும். பக்கக்கம்பியை இறுக்குற திருகு, அந்த டர்ன்பக்கிளைக் கொஞ்சம் தளத்தி, ஒரு ஷேக்கிளை எடுத்துட்டு மாட்டிப் பாருங்க. ஓடுறப்ப பலகையை ஒரு சாண் மேல தூக்குங்க, அது பின்னால மடங்கும், இழுவை இன்னும் கொறையும்.

திரும்பாம நின்னதுக்கு படகைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஓட்டுன விதத்தைப் பாக்கணும். காத்தோட மூஞ்சிக்கே நெருக்கிப் பிடிச்சு ஓட்டுனா வேகம் செத்துரும், செத்த வேகத்துல சுக்கானை வெடுக்குன்னு திருப்புனா அதுவே பிரேக் போட்ட மாதிரி. மூக்கைக் காத்தை விட்டுக் கொஞ்சம் விலக்கி வேகம் எடுங்க, அப்புறம் பைய திருப்புங்க, அணியம் காத்தைத் தாண்டுற வரைக்கும் முன்பாய் கயிறை அவுக்காதீங்க, அந்தப் பாயே மூக்கைத் தள்ளி விடும்.

பைபர் பட்டறை:

நான் கப்பலூர்ல பைபர் வேலை பாக்குறேன், தண்ணித் தொட்டி, பஸ் பாடி எல்லாம். படகு ரெண்டு மூணு செஞ்சிருக்கோம். பாய் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனா உடம்பு பத்திச் சொல்றேன்ண்ணே.

10 ரூபா காயின் எடுத்துக்கிட்டு ஒரு சாண் இடைவெளி விட்டு படகு முழுக்கத் தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடத்துல டங் டங்னு கேக்கும், பைபர் லேயர் விட்டுப்போன இடத்துல டொப்புன்னு செத்த சத்தம் வரும். அந்த இடத்தை சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே வாங்க, அவரு பாக்குறப்பவே போடுங்க. பாய்மரம் நிக்கிற அடி, நடுப்பலகை ஏறி இறங்குற பலகைப் பெட்டி சுத்தி, பின்பக்கம் சுக்கான் மாட்டுற இடம், இந்த மூணும் முக்கியம்.

தண்ணி ஒழுகுதான்னு பாக்க, உள்ள நல்லாத் துடைச்சுக் காயவிட்டு ஓரம் முழுக்க முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவிட்டு தண்ணியில இறக்குங்க. யாரும் ஏறாம 20 நிமிஷம் கட்டிப் போடுங்க. எங்க இருந்து கோடு கிழிச்சிக்கிட்டு வருதோ அங்கதான் ஓட்டை, மறைக்கவே முடியாது.

இன்னொண்ணு, இந்த மாதிரி படகுல ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஃபோம் இருக்கும். அது ஒருதடவை தண்ணி குடிச்சா வெயில்ல வச்சாலும் வெளிய வராது. வெளிய பாத்தா தெரியாது, எடை போட்டாத்தான் தெரியும். ஒரு குட்டியானை வண்டி பிடிச்சு, காலி வண்டி ஒரு தடவை, படகோட ஒரு தடவை எடைமேடைல ஏத்துங்க. அவ்ளோதான் செலவு.

பழைய நேவி:

கரைவலை அண்ணன் சொன்னதுக்கு மேல, பாதுகாப்பு பத்தி மட்டும் சொல்றேன், இதை லேசா எடுத்துக்காதீங்க.

இப்ப கச்சான் காத்து. பாக் நீரிணைல நம்ம கரைக்கு அது நிலத்துல இருந்து கடலைப் பாத்து அடிக்கும். அதனால கரையோரம் தண்ணி தட்டையா, குளம் மாதிரி இருக்கும், பாத்தா பயமே வராது. (வாடைக் காத்துல அதே கரை கொந்தளிக்கும், அப்ப இந்த ட்ரையலே நடக்காது.) ஆனா போறது சுலபம், திரும்பி வர்றதுதான் முழுக்க எதிர்காத்து. நீங்க சொன்ன அந்த ரெண்டு தடவை நின்னு போன விஷயம் 3 கிலோமீட்டர் தள்ளி நடந்திருந்தா படகு உங்களைக் கிழக்கே தள்ளிக்கிட்டே போயிருக்கும், அந்தப் பக்கம் 1974ல இலங்கையோட போட்ட எல்லைக்கோடு இருக்கு.

அதனால ரெண்டாவது ட்ரையல்ல இன்ஜின் வள்ளம் ஒண்ணு பின்னாலயே வரணும், உங்க மாமாவையே கேளுங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஏறுங்க, கடலோரக் காவல் ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. கரையில இருந்து அரை கிலோமீட்டருக்கு மேல போக வேணாம். எதிர்காத்துல திரும்பி வர்றது எவ்ளோ நேரம் ஆகுதுன்னு வாட்ச் பாத்து எழுதி வைங்க, அதுதான் உண்மையான ட்ரையல்.

கடைசியா நெஞ்சளவு தண்ணியில படகை வேணும்னே கவுத்துப் பாக்கணும். காத்து அறை ரெண்டு பக்கமும் இருக்கும், மூடியைத் திறந்து உள்ள காய்ஞ்சிருக்கான்னு மொதல்ல பாருங்க. கவுந்தா மிதக்குதா, நீங்க ஒருத்தரே நிமித்த முடியுதா? விக்கிறவரு இதுக்கு ஒத்துக்கலன்னா அந்தப் படகு வேணாம்.

தெப்பக்குளம் தெரு:

குறுக்க கேக்குறேன், மன்னிக்கணும். இதை மதுரைலயே ஒரு பெரிய கண்மாய்ல ஓட்ட முடியாதா? கடலுக்கு அம்புட்டு தூரம் போகணுமா?

கரைவலை:

கண்மாய்ல சுத்தி கரையும் கருவேல மரமும் இருக்கும், காத்து சுழன்று சுழன்று வரும், கத்துக்கிறவங்களுக்கு அதுதான் கஷ்டம். பலகை இறக்குனா சேத்துல குத்தும். நீர்வளத்துறைகிட்ட அனுமதி வேற வாங்கணும். கடல்தான்.

கூடல்நகர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை போயிட்டு வந்தேன், முழுசா சொல்றேன்.

அட்வான்ஸ் குடுக்கல. போன்ல ரெண்டாவது ட்ரையல்னதும் அவரு கொஞ்சம் கோபப்பட்டாரு, மாமா பேசுனதும் சரின்னுட்டாரு. மாமாவுக்கு 71 வயசு, பனியன் வேட்டியோட வந்து நின்னு படகைத் தொடாம ஒரு சுத்து சுத்தி வந்தாரு. பாயை வெயிலுக்கு நேரா விரிச்சுப் பிடிக்கச் சொல்லி ஊசி ஓட்டை பாத்தாரு, தையல் நூலை கட்டைவிரல் நகத்தால ஒரு கீறு கீறுனாரு, நூல் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. துணி நல்லா இருக்குடா, தையல்தான் செத்துருச்சு, மறுதையல் போட்டா இன்னும் பல வருஷம் ஓடும்னாரு. கம்பியில துணியைச் சுத்தி மேல இருந்து கீழ இழுத்தாரு, இடது பக்கக்கம்பியில ஒரு இடத்துல துணி மாட்டிக்கிச்சு, பாத்தா ரெண்டு இழை அறுந்து ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கம்பியோடதான் போன வாரம் நான் ஓட்டியிருக்கேன்.

பவுடர் போட்டு இறக்குனோம். 20 நிமிஷம் நிக்கவே வேணாம், 6 நிமிஷத்துலயே பலகைப் பெட்டியோட பின் மூலையில வெள்ளைப் பவுடர்ல ஒரு கருப்புக் கோடு, நெளிஞ்சு நெளிஞ்சு நடுவுக்கு வந்துச்சு. தொட்டு நாக்குல வச்சேன், உப்பு. அலை தெறிச்ச தண்ணின்னு சொன்னவரு அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

அப்புறம் ஷேக்கிள் ஒண்ணைக் கழட்டி மரத்தை முன்னால கொண்டுவந்து ஓட்டுனோம், மாமா இன்னொரு வள்ளத்துல பின்னாலயே வந்தாரு. கரைவலை அண்ணே, நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. ஒரு கை, அதுவும் ரெண்டு விரல் போதும்னு ஆயிருச்சு. விட்டா பைய காத்துக்குத் திரும்பி நிக்குது. பாய் மாத்தித் திருப்புறது 10 தடவை செஞ்சேன், 9 தடவை சுத்தமாத் திரும்புச்சு, ஒரு தடவை நான் அவசரப்பட்டுட்டேன். போறதுக்கு 5 நிமிஷம், எதிர்காத்துல வர 17 நிமிஷம் ஆச்சு. கவுத்தும் பாத்தோம், பக்கவாட்டுல மிதந்துச்சு, பலகை மேல ஏறி நின்னு நானே நிமித்துனேன்.

எடைமேடைலதான் மனசு உடைஞ்சு போச்சு. படகோட பேப்பர்ல வெறும் உடம்பு 190 கிலோன்னு இருக்கு, எங்களுக்கு வந்தது 245. காயின் தட்டுனதுல பலகைப் பெட்டிக்குப் பின்னால ஒரு முறம் அளவுக்கு செத்த சத்தம். 55 கிலோவும் தண்ணியா? பட்டறை அண்ணே இதைச் சரி பண்ண முடியுமா, எவ்ளோ ஆகும்?

பைபர் பட்டறை:

முழுசும் தண்ணியா இருக்காது, பழைய ரிப்பேர்ல ஏத்துன ரெசினும் (பைபர் பசை) இருக்கும். செத்த சத்தம் ஒரே இடத்துலதான்னா சரி பண்ணலாம். உள்பக்கத் தகட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு, ஊறுன ஃபோமை வாரிட்டு, நல்லா காயவிட்டு புது ஃபோம் வச்சு மேல பைபர் மேட் போடணும், பெட்டியோட மூலையும் அதுலயே சேத்து அடைச்சிரலாம். மதுரை வெயில்ல ரெண்டு மூணு வாரம் காய விடணும், அவசரப்படுத்தக்கூடாது. எங்ககிட்டன்னா 35 ஆயிரத்துக்குள்ள முடியும், கொண்டு வாங்க, பாத்துட்டு சொல்றேன். கம்பியும் தையலும் தனி.

பழைய நேவி:

பக்கக்கம்பி ஒண்ணு போயிருந்தா ரெண்டையும் மாத்துங்க, முன்கம்பியும் சேத்து. ஒண்ணு மட்டும் புதுசா போடாதீங்க. விலை பேசுறப்ப சாக்பீஸ் வட்டம், எடைச்சீட்டு, நூல் மூணையும் முன்னால வைங்க, வேற எதுவும் பேச வேணாம்.

கூடல்நகர்க்காரன்:

பேசி முடிச்சாச்சு. 1 லட்சம்னு சொன்னேன், முடியாதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு, நானும் திரும்பி வந்துட்டேன். மூணு நாள் கழிச்சு அவரே போன் பண்ணி 1 லட்சத்து 5 ஆயிரம்னாரு. எழுதி கையெழுத்து வாங்கித்தான் பணம் குடுத்தேன், மாமா சாட்சி. நேத்து ராத்திரி குட்டியானைல ஏத்தி கப்பலூருக்கு வந்துருச்சு, இப்ப வெயில்ல கவுத்துப் போட்டிருக்கு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பெரிய பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிறு நைஞ்சு போச்சு, 10 எம்எம் வேணும். சாதா நைலான் கயிறு போடலாமா?

கரைவலை:

நைலான் வேணாம் தம்பி, இழுத்தா நீளும், பாய் பிடி நிக்காது. பாலியெஸ்டர் கயிறு கேளுங்க, பின்னுனது, முறுக்குனது இல்ல, கைக்கும் அதுதான் மெத்துன்னு இருக்கும். வலைக் கடைல இல்லாட்டி சொல்லுங்க, அடுத்த வாரம் நான் நாகப்பட்டினம் போறேன், 12 மீட்டர் வாங்கிட்டு வாரேன்.