218 செ.மீ. டவுன்ஹில் ஸ்கீ: அக்கா மகனுக்குப் பணம் அனுப்பலாமா?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா மகன் ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக்கில் படிக்கிறான். அங்கே பனிச்சறுக்கு பழகி, கிளப் போட்டிகளில் ஜெயண்ட் ஸ்லாலம் (கொடிக்கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம்) ஓடுகிறான். இப்போது டவுன்ஹில், அதாவது திருப்பம் குறைந்த அதிவேகப் பந்தயம், போகணுமாம். ஓய்வுபெற்ற வீரர் ஒருவரின் 218 செ.மீ. ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை), பூட்ஸை மாட்டும் பைண்டிங்கோடு பாதி விலைக்கு வருகிறது, பணம் அனுப்புங்க மாமா என்கிறான். அவன் அனுப்பிய படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். ஆள் 62 கிலோ. கையில் இருப்பது தாளடி அறுப்புக்கு வைத்த காசு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னைக்காரன்:
அனுப்பிவிடுங்கள் அண்ணே. மியூனிக்கில் இருக்கிறேன், குளிர்காலம் முழுக்க மலையில்தான் கிடப்பேன். ஆண்கள் டவுன்ஹில்லுக்கு சர்வதேசக் கூட்டமைப்பின் விதியே குறைந்தது 218 செ.மீ. நீளம், 50 மீட்டர் ரேடியஸ் (ஸ்கீயின் ஓர வளைவு எவ்வளவு பெரிய வட்டத்தில் திரும்பும் என்ற ஆரம்). 2013இல் சுவிட்சர்லாந்தின் வெங்கன் டவுன்ஹில்லில் பிரான்ஸ் வீரர் ஜோஹன் கிளாரே மணிக்கு 161.9 கி.மீ. தொட்டார். அந்த மாதிரி வேகத்தில் குட்டை ஸ்கீ திடீரென்று பனியைக் கவ்வி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். நீளமும் உள்ளே ஒட்டியிருக்கும் உலோகத் தகடும்தான் அதிர்வை அடக்கும். அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வாங்கியது ஆண்கள் ஸ்கீயில்!

குடந்தை டிகிரி:
லிண்ட்சி வானையும் நம்ம பையனையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, நியாயமா? அவன் இப்போது ஓடும் ஜெயண்ட் ஸ்லாலத்துக்கு உலகக் கோப்பை விதியே 193 செ.மீ., 30 மீட்டர்தான். அதிலிருந்து ஒரே தாவலில் 50 மீட்டரா? நான் அந்தப் பக்கம் வாடகை ஸ்கீ கடையில் வேலை பார்த்தவன். 50 மீட்டர் ஸ்கீ சாதாரணச் சரிவில், சாதாரண வேகத்தில் திரும்பவே திரும்பாது, மாட்டு வண்டியைச் சந்துக்குள் திருப்புகிற கதைதான். பழகுவதற்கு மற்றவர்கள் வராதபடி தடத்தையே மூடி வைக்க வேண்டும். அது அவனுக்கு எங்கே கிடைக்கும்? முதலில் ரெண்டுக்கும் நடுவான சூப்பர்-ஜி பந்தயத்தின் ஸ்கீ வாங்கட்டும். 210 செ.மீ., 45 மீட்டர்.

மன்னைக்காரன்:
சூப்பர்-ஜி வாங்கிவிட்டு அடுத்த வருஷம் மறுபடி டவுன்ஹில் வாங்குவதா? ரெண்டு செலவு. அதோடு, பழைய ஸ்கீ என்று இளக்காரம் வேண்டாம். வருஷக்கணக்கில் மெழுகு ஊறிய அடிப்பாகம் புதுசைவிட நன்றாக வழுக்கும். பெரிய வீரர்களே ராசியான ஜோடியை விடாமல் வைத்திருப்பார்கள்.

குடந்தை டிகிரி:
எந்த மெழுகு ஊறியது என்று கேட்டீர்களா? ஃப்ளோரின் கலந்த மெழுகுக்குப் போட்டிகளில் 2023-24 சீசனிலிருந்து தடை. கருவி வைத்துப் பரிசோதிக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டன் போட்டியில் ஆறாவதாக வந்த நார்வேயின் ராக்ன்ஹில்ட் மோவின்கலையே தகுதிநீக்கம் செய்தார்கள். பழைய ஜோடியில் மிச்சம் ஒட்டியிருந்தால் என்ன செய்வான்?

சுவாமிமலை அரம்:
பனியை நான் பார்த்ததில்லை, வெண்கலச் சிலை ராவுகிறவன். தம்பி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்து எஃகுப் பட்டை முன்பக்கம் அகலமாகவும் காலடியில் ஒல்லியாகவும் இருக்கிறது. நிறையத் தடவை தீட்டியிருக்கிறார்கள். இன்னும் எத்தனை தீட்டலுக்குத் தாங்கும்? அடிப்பாகத்தின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒளி கசிந்தால் அடிப்பாகம் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், ஓரத்தை நகத்தால் வருடிப் பார்க்கட்டும், பிசிறு சிக்கினால் கடைசியாகத் தீட்டியவன் அவசரக்காரன்.

குடந்தை டிகிரி:
ஸ்தபதி ஐயா சொன்னதோடு பைண்டிங்கையும் பாருங்கள். விழும்போது காலை விடுவிப்பது அதுதான். எவ்வளவு விசையில் கழலும் என்பதை அதில் ஒரு எண்ணாக வைப்பார்கள். உயர்மட்டப் பந்தய பைண்டிங்கின் எண் வரிசையே உயரத்தில் தொடங்கும், கனமான ஆளுக்குச் சரி. 62 கிலோ ஆளுக்குத் தேவையான அளவுக்கு இறங்காவிட்டால் விழுந்தாலும் கழலாது, முழங்கால் போய்விடும். ஸ்கீயின் விறைப்பும் முதல் சொந்தக்காரர் எடைக்கு ஏற்றதாகத்தான் இருக்கும்.

மன்னைக்காரன்:
பைண்டிங்கை மாற்றிக்கொள்ளலாம் ஐயா, அதற்காக ஸ்கீயைக் குறை சொல்லாதீர்கள். விறைப்பு விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் 218ஐ விட்டால் அவன் டவுன்ஹில் ஓடப்போவதில்லை, அவ்வளவுதான்.

வெண்ணாற்றங்கரை:
பையனிடம் கேட்டேன். பைண்டிங் 10க்குக் கீழே இறங்காதாம், பயிற்சியாளர் இவனுக்கு 7 என்றிருக்கிறார். மெழுகு பற்றி விற்கிறவரிடம் இனிமேல்தான் கேட்கணுமாம். ஸ்கேல் வைத்த படமும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன். அறுப்பு முடியும்வரை காசு நகராது.

மன்னைக்காரன்:
உங்கள் அறுப்பு முடிவதற்குள் இங்கே பனியே உருகிவிடும் அண்ணே!