கோடியக்கரைக்கு ஏப்ரலில் போங்கள்

வேதாரண்யம் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கோடியக்கரைக்கு டிசம்பரில் போய் வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பூநாரை பார்த்தோம், மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி இருந்தது, எது எதுவென்று தெரியவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சேற்றில் இரை தேடும் வலசைப் பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் குளிர்காலத்தில் அப்படித்தான் இருக்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் என்றால் கதையே வேறு. எண்ணிக்கை குறைந்திருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வடக்கே கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் நிறம் மாறிக்கொண்டிருக்கும்.

இந்த ஏப்ரலில் நானும் இரண்டு நண்பர்களும் வேதாரண்யத்தில் தங்கி, முந்தின நாளே அனுமதி கேட்டு வைத்துக்கொண்டு, இருட்டோடு உப்பளப் பக்கம் போய்விட்டோம். வெளிச்சம் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது வளைமூக்கு உள்ளான் கூட்டம். ஒன்று வரப்போரமாக எங்களைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்தது. டெலஸ்கோப்பில் பார்த்தால் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறம், வயிற்றில் மட்டும் வெள்ளை திட்டுத்திட்டாக மிச்சம், முதுகில் பழைய சாம்பல் இறகுகளுக்கு நடுவே கறுப்பு மையமும் செம்பழுப்பு ஓரமுமாகப் புது இறகுகள். பக்கத்திலேயே இன்னொன்று முழுச் சாம்பல். அது பெரும்பாலும் போன வருஷம் பொரித்த குஞ்சாக இருக்கும், முதல் கோடையில் இவற்றில் நிறையப் பறவைகள் வடக்கே போவதில்லை, இங்கேயே தங்கிவிடும். மே, ஜூனில் உள்ளான் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்தச் செங்கல் நிறத்துப் பறவை போகவேண்டியது சைபீரியாவின் வடகோடிக்கு, ஆர்க்டிக் கரையோரத் துந்திராவுக்கு, அதாவது மரமே இல்லாத பனிவெளிக்கு. அதே சேற்றில் நெஞ்சில் செம்பழுப்புப் பட்டையும் முகத்தில் கறுப்பு முகமூடியுமாக ஓடி ஓடி நின்ற சின்ன உப்புக்கொத்திகளோ, நம் கரைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை திபெத், பாமீர் பக்கத்து மேட்டுநிலங்களோடு நின்றுவிடும். நெஞ்சு முழுக்கக் கறுத்திருந்த பசிபிக் பொன் உப்புக்கொத்தி ஒன்றும் இருந்தது, அதுவும் துந்திரா ஆள்தான்.

பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்கேர்ந்து தம்பி வர்றீங்க, உள்ளான் பாக்கவா?” என்றார். ஆமாம் என்றதும், “இப்ப பாருங்க, ஓயாம தின்னுகிட்டே இருக்கும், இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணையும் காணோம்பீங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சரியான பேச்சு. கொசு உள்ளான் சாதாரணமாக 25 கிராம் கூட இருக்காது, கிளம்பும் நேரத்தில் கொழுப்பு சேர்த்து நன்றாக எடை கூட்டிக்கொள்ளும், அந்தக் கொழுப்புதான் வழிச் செலவு. எங்கள் முன்னாலேயே சேற்றில் தையல் மெஷின் மாதிரி குத்திக்கொண்டே போனது, தலை நிமிரவே இல்லை. கொசு உள்ளான் கூட்டத்தைப் பார்த்தால் கரண்டிமூக்கு உள்ளான் இருக்கிறதா என்று ஒவ்வொரு மூக்காகத் தேடுவது எங்கள் வழக்கம். ஒரு காலத்தில் கோடியக்கரையில் பதிவான பறவை, இப்போது உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை, ஆனாலும் தேடாமல் வர மனசு வராது.

ஒன்பது மணிக்கு மேல் கானல் ஓட ஆரம்பித்துவிடும், தூரத்துப் பறவையெல்லாம் நெளியும். அப்போது உப்பளத்தில் நின்று பிரயோஜனமில்லை. மீன் இறக்கும் கரைக்கு நடந்தோம். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை வெள்ளையாக, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு மட்டும் இருக்கும், பெயரைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். இப்போது பாதிக்கு மேல் முழுப் பழுப்புத் தலையோடு கழிவு மீனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மத்தியானம் சாப்பாடு, தூக்கம், சொல்ல ஒன்றுமில்லை.

நாலரைக்கு மறுபடி சதுப்புக்கு. இங்கே கடல் ஏற்ற இறக்கம் பெரிதாகக் கிடையாது, சதுப்பில் தண்ணீரைத் தள்ளுவது பெரும்பாலும் காற்றுதான், அதனால் காலையில் பறவை இருந்த இடத்தில் சாயங்காலம் தேடாதீர்கள். அன்று தெற்கத்திக் காற்று நன்றாக அடித்தது. ஐந்தரைக்கு மேல் வளைமூக்கு உள்ளான்கள் மேய்வதை விட்டுவிட்டு நெருங்கி நின்று இறகு கோத ஆரம்பித்தன, கத்தலும் கூடியது. திடீரென ஒரு கூட்டம் எழுந்து வட்டமடித்தது. ஒரு பத்துப் பதினைந்து பறவைகள் மனம் மாறி இறங்கிவிட்டன, மற்றவை வரிசை கட்டி ஏறிக்கொண்டே போய் வடக்கே திரும்பிவிட்டன. இரை தேடி இடம் மாறும் கூட்டம் தாழ்வாகப் பறந்து அடுத்த பாத்தியில் இறங்கும், இது அப்படி இல்லை. நண்பன் கேமராவை எடுக்கவே மறந்துவிட்டான்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு வருகிறது, அதனால் கால்களைக் கவனித்துப் பாருங்கள். வளையமோ, அதேபோல் காலில் மாட்டும் சின்ன வண்ணக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, நிறம் எந்த வரிசையில், எழுத்து இருந்தால் என்ன எழுத்து, இத்தனையும் அங்கேயே குறித்துக்கொண்டு படத்தோடு கழகத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் இடது வலது மாறிவிடும், அப்புறம் அது எந்த நாட்டில் போட்ட கொடி என்றே கண்டுபிடிக்க முடியாது.