ஸ்டாஃப் மெயில் மாத்துறோம், காலண்டர் வரல, என்ன பண்றது?

எங்க யுனிவர்சிட்டி ஸ்டாஃப் எல்லாரையும் புது மெயில் சிஸ்டத்துக்கு மாத்துறோம். ஐமேப் (சர்வர்ல இருக்குற மெயில எடுக்குற முறை) வழியா பழைய மெயில் எல்லாம் காப்பி ஆயிடுச்சு, ஆனா காலண்டர் மட்டும் வரவே இல்ல. யாராச்சும் சொல்லுங்க.

பதில் 1:
ஐமேப்ல மெயிலும் ஃபோல்டரும் மட்டும்தாங்க வரும். காலண்டர ஐசிஎஸ் ஃபைலா (காலண்டர் விவரம் சேமிக்குற ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணணும், இல்லன்னா கால்டேவ்ல (சர்வர்ல இருந்து காலண்டர நேரா எடுக்குற முறை) இழுக்கணும். ரிப்பீட் மீட்டிங்தான் பெரிய தலைவலி, மீட்டிங்க கூப்பிடுறவர் பழைய சிஸ்டத்துலயும் வர்றவங்க புதுசுலயும் இருந்தா நேரம் மாத்துனா சரியா போய்ச் சேராது, அதனால ஒரு டிபார்ட்மென்ட்ட மொத்தமா மாத்துங்க, பாதி பாதியா வேண்டாம்.

பதில் 2:
எம்எக்ஸ் ரெக்கார்டு (உங்க மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற டிஎன்எஸ் பதிவு) டிடிஎல்ல, அதாவது மத்த சர்வருங்க அந்தப் பதிவ ஞாபகம் வச்சிருக்குற நேரத்த, முன்னாடியே 300 செகண்டுக்கு குறைச்சு வைங்க. பழைய சர்வர உடனே அணைக்காதீங்க, லேட்டா வர்ற மெயில் அங்கதான் விழும். எக்ஸாம் ரிசல்ட் நேரத்துல தொடவே தொடாதீங்க.

பதில் 3:
டீன் காலண்டர பாத்துக்குற செகரட்டரிங்களோட பர்மிஷன் ஐசிஎஸ்ல வராது, இப்பவே லிஸ்ட் எடுங்க. முதல் நாளே மாட்டுறது அவங்கதான், பாவம்.