வேர்ட்பிரஸ் கோப்புகளுக்கு உரிமையாளர் யார்: நாமா, பிஎச்பியா?

வாசகர்வட்டம்:
எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்காக, உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்), இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் நிரலை நானே நிறுவினேன். செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் நிரல்) சேர்க்கப் போகும்போதெல்லாம் அது எஃப்டிபி (சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் முறை) கடவுச்சொல் கேட்கிறது. ஒரு காணொளியில் சொன்னபடி எல்லாக் கோப்புறைகளுக்கும் 777 (யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி) கொடுத்தேன். படங்கள் இப்போது ஏறுகின்றன. கடவுச்சொல் கேட்பது மட்டும் நிற்கவில்லை. எங்கே தவறு?

கல்மதில்:
777 கொடுத்தும் கேட்பது நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்த்து, அதன் உரிமையாளரும் தன் நிரல் கோப்புகளின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுகிறது. நிரல் உங்கள் பெயரில் இருக்கிறது, அதை இயக்கும் பிஎச்பியோ வெப் சர்வரின் (பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் நிரல்) பயனராக ஓடுகிறது. ஆகவே எத்தனை தாராளமாக அனுமதி கொடுத்தாலும் பொருந்தாது. நீங்கள் பெற்றதெல்லாம், அந்தச் சர்வரில் உள்ள எந்தப் பயனரும் உங்கள் கோப்புகளைத் திருத்தலாம் என்ற நிலை மட்டுமே.

என் பரிந்துரை இது: நிரல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்; கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 (எழுதுவது உரிமையாளர் மட்டும், மற்றவர்கள் படிக்கலாம்). தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்புக்கு 640 (உரிமையாளர் எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை) கொடுத்து, அதன் குழுவை வெப் சர்வரின் குழுவாக மாற்றுங்கள். பதிவேற்றக் கோப்புறை மட்டும் வெப் சர்வரின் பெயரில் இருக்க வேண்டும். அதற்குள் பிஎச்பி இயங்காதபடி சர்வர் அமைப்பிலேயே தடுத்துவிடுங்கள். எழுதவும் இயக்கவும் ஒரே இடத்தில் முடிந்தால் என்ன ஆகும் என்பதை 2011இல் டிம்தம்ப் என்ற சிறுபட நிரலின் ஓட்டை காட்டியது: சிறுபடங்களைச் சேமிக்கும் கோப்புறைக்குள்ளேயே பிஎச்பி கோப்பை இறக்கி ஓட்டினார்கள்.

இரவுப்பணி:
777 கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நண்பர் சொல்லும் முறையில் வேர்ட்பிரஸால் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள முடியாது. 2013இல் 3.7 பதிப்போடு வந்த தானியங்கிப் புதுப்பிப்பை நாமே அணைத்துவிடுகிறோம். 2017 ஜனவரி 26 அன்று வெளிவந்த 4.7.2, உள்நுழையாத ஒருவரும் பதிவுகளைத் திருத்த வழிவிட்ட ஓட்டையை அடைத்தது. புதுப்பிக்காத தளங்கள் பிப்ரவரியில் வரிசையாகச் சிதைக்கப்பட்டன. அந்தத் தாக்குதல் ஒரு கோப்பையும் தொடவில்லை, மாறியதெல்லாம் தரவுத்தளத்தில்தான். உங்கள் 644 அங்கே எதைக் காத்திருக்கும்?

தளத்துக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, பிஎச்பி-எஃப்பிஎம்மை (பிஎச்பியை இயக்கும் சேவை) அவர் பெயரிலேயே ஓடவிட்டு, கோப்புகளையும் அவருக்கே உரியதாக்குங்கள். அதே 755, 644 போதும். எஃப்டிபி கேள்வியும் நிற்கும். நாளை அதே சர்வரில் இன்னொரு தளம் வைத்தாலும் ஒன்றின் ஓட்டை வழியாக மற்றதில் எழுத முடியாது.

புதுவரவு:
கான்ஃபிக் கோப்புக்கு மட்டும் 400 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) வைத்துவிட்டால் இரண்டு முறையிலும் பாதுகாப்புதானே?

கல்மதில்:
என் முறையில் 400 வைத்தால் வெப் சர்வரால் அதைப் படிக்கவே முடியாது, தளம் நின்றுவிடும். இரவுப்பணி அவர்களின் முறையில் கோப்பின் உரிமையாளரே பிஎச்பிதான். உரிமையாளர் எந்த நேரமும் அனுமதியை மாற்றிக்கொள்ளலாம். அதோடு, ஒரு கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ தேவைப்படுவது அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி. கோப்பின் அனுமதி அதில் கணக்கே இல்லை.

அவரது முறையோடு எனக்குள்ள சண்டையும் இதுதான். ஒரு செருகுநிரலில் ஓட்டை வந்தால், வேர்ட்பிரஸின் நூற்றுக்கணக்கான கோப்புகளில் எதற்குள்ளும் பின்வாசல் வைக்கலாம். ஓட்டையை அடைத்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். புதுப்பிப்புக்கு என்னிடம் வழி உண்டு: நிரலின் உரிமையாளர் பெயரில், கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) மூலம் தினமும் வேர்ட்பிரஸ் சிஎல்ஐயை (கட்டளை வரியில் வேர்ட்பிரஸை நிர்வகிக்கும் கருவி) ஓட்டினால் அடிப்படை நிரலும் செருகுநிரல்களும் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

இரவுப்பணி:
அந்தக் கிரான் ஒரு நாள் பிழையோடு நின்றால், அது அனுப்பும் மின்னஞ்சலை யார் படிப்பார்கள்? ஒருவர் மட்டும் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் தளம் இது. சர்வர் நிர்வாகியே வேலையாக உள்ள இடத்தில் உங்கள் முறை சரி. பின்வாசல் கவலைக்கு, அதே சிஎல்ஐயில் அடிப்படைக் கோப்புகளை அதிகாரப்பூர்வ செக்சம்களோடு (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் குறியீடுகள்) ஒப்பிடும் கட்டளை இருக்கிறது. பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பியைத் தடுப்பதில் மட்டும் நாம் இருவரும் ஒரே கட்சி.

வாசகர்வட்டம்:
நன்றி. நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால், தனிப் பயனர் முறையையே எடுத்துக்கொண்டேன்; கடவுச்சொல் கேட்பது நின்றுவிட்டது. அனுமதிகளைச் சரிபார்க்கக் கோப்புகளைப் பட்டியலிட்டபோது, போன மாதம் நானே எடுத்துவைத்த கான்ஃபிக் கோப்பின் நகல் ஒன்று, கடைசியில் ‘.பேக்’ என்ற பெயரோடு கிடந்தது. அதன் முகவரியை உலாவியில் தட்டினேன். பிஎச்பியாக ஓடாமல், தரவுத்தளக் கடவுச்சொல் அப்படியே திரையில் வந்தது. நகலை அழித்துவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன்.