எஸ்டீம் 1.3 எஞ்சின் வேலை: 60,000-க்குள்ள எந்த பார்ட் எடுக்கலாம்?

குழித்துறை_75
மாருதி எஸ்டீம் கார், எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டர் பீச்சுற மாடல்), 1298 சிசி. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் நீலப்புகை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) 2, 3-வது சிலிண்டர்ல கம்மி. எஞ்சினை இறக்கணும். லேத்து வேலை சேர்த்து 60,000 கையில இருக்கு. ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடிச்சு உருவாக்கின பலமான பிஸ்டன்), பெரிய கேம் (வால்வை அதிகம் திறக்குற தண்டு), ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (புகை தடையில்லாம போற சைலன்சர்) லிஸ்ட்ல இருக்கு. ரேஸுக்கு இல்ல, தினசரி ரோட்டுல நல்ல இழுவை வேணும். எதை விடலாம்?

நாஞ்சில் ஸ்பானர்
அண்ணே, இறக்குறதுக்கு முன்னாடி 2, 3-ல பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி கம்ப்ரஷன் பாருங்க. ஏறினா பிஸ்டன் ரிங், போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் துளை) தேய்மானம். ஏறலன்னா வால்வு, இல்லன்னா ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற தகடு). பக்கத்து பக்கத்து சிலிண்டர் சேர்ந்தாப்ல குறைஞ்சா நடுவுல கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட்டிங்ல மட்டும் புகைன்னா வால்வு வழியா ஆயில் இறங்காம தடுக்குற சீல் போயிருக்கும்.

ஃபோர்ஜ்டு பிஸ்டனை விட்டுருங்க. அது டர்போவுக்கும் ரொம்ப நேரம் உச்ச ஆர்.பி.எம்.ல ஓடுற எஞ்சினுக்கும். 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் போட்டா போர் 74-லிருந்து 74.5 மி.மீ. ஆகும், சிசி 1316 தான் வரும். அந்த 18 சிசி காலுக்குத் தெரியாது. போரை அளக்காம பிஸ்டனே வாங்காதீங்க. வாங்கின பிஸ்டனைப் பட்டறையில கொடுத்து, அதை அளந்து போர் பண்ணச் சொல்லுங்க. ரிங்கைப் போருக்குள்ள பிஸ்டனை வச்சு நேரா தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜ்ல பாருங்க, 0.30 மி.மீ. பக்கம் இருக்கணும். ரொம்ப நெருக்கமா இருந்தா சூட்டுல முனை ரெண்டும் முட்டி போரைக் கீறிரும்.

தக்கலை ஹெட்
கேமும் வேண்டாம். ஓவர்லாப் (ரெண்டு பக்க வால்வும் சேர்ந்து திறந்திருக்குற நேரம்) கூடினா ஐடில்ல எஞ்சின் காத்தை உறிஞ்சுற வேக்குவம் குறையும், கம்பெனி கொடுத்த இ.சி.யு.வுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்) அது புரியாது, ஆர்.பி.எம். ஏறி இறங்கும். இழுவையும் மேல் ஆர்.பி.எம்.க்குப் போயிரும், நீங்க கேக்குறதுக்கு நேர் எதிர்.

மிச்சப் பணத்தை ஹெட்ல போடுங்க. வால்வு உக்காருற சீட்டை மூணு ஆங்கிள்ல கட் பண்ணணும், வால்வு தண்டு ஓடுற கைட்ல ஆட்டம் பாக்கணும், 16 வால்வுக்கும் புது சீல். நேர் பட்டையை வச்சு ஹெட் 0.05 மி.மீ.க்கு மேல வளைஞ்சிருந்தா மட்டும் ஸ்கிம் (மெலிசா சீவி சமப்படுத்துறது). லேப்பிங் பேஸ்ட்டைத் தேய்ச்சு மட்டும் அனுப்புற பட்டறையில ஹெட்டைக் கொடுக்காதீங்க. எஞ்சின் கீழ இருக்கும்போதே பேரிங், ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிளட்ச் எல்லாம் பாத்துருங்க. இப்ப பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, பழைய ரப்பர் ஃபியூவல் ஹோஸையும் மாத்துங்க.

குழித்துறை_75
சரிண்ணே. ஹோனிங் (போரைக் கல்லால தேய்ச்சு மெல்லிய கோடு போடுறது) முடிஞ்ச பிளாக்கை பெட்ரோல்ல கழுவினா போதுமா?

நாஞ்சில் ஸ்பானர்
போதாது. கல்லுப்பொடி கோட்டுக்குள்ளயே ஒட்டிக்கும். சுடுதண்ணியும் சோப்பும் போட்டு பிரஷ்ல தேய்ங்க. அப்புறம் ஆயில்ல நனைச்ச வெள்ளைத்துணியால போரைத் துடைங்க, துணியில சாம்பல் நிறம் ஒட்டாம வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவணும். கழுவின கையோட ஆயில் பூசிருங்க. நம்ம கடல்காத்துல ஒரு ராத்திரி வெறும் போரா வச்சா காலையில செந்துரு பிடிச்சிருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு மினரல் ஆயில். நின்ன இடத்துல ஐடில்ல ஓடவிடாம, ஆரல்வாய்மொழி வரைக்கும் ஆக்சிலேட்டரை ஏத்தி இறக்கி ஓட்டுங்க. லோடு வந்தாத்தான் ரிங் உக்காரும். 500 கி.மீ.ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும்.