டெக்சாஸ் சொந்தங்கள்: சனிக்கிழமை, தோட்டா ரீலோடிங் பேச்சு

*கார்த்தி, இரவு 8:14*
மாமா, 9 எம்எம் தோட்டா விலை ஏறிக்கிட்டே போகுது. சுட்ட காலி கேஸ்ல (பித்தளைக் கூடு) புது பிரைமர் (பவுடரைப் பத்த வைக்கற சின்ன மூடி), பவுடர், புல்லட் வச்சு நானே ரீலோட் பண்ணலாம்னு இருக்கேன். அதுக்கு ப்ரொக்ரெசிவ் பிரஸ்னு ஒரு மெஷின் பாத்து வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாட்டில் பவுடரும் குடுத்தார்.

*முருகேசன் மாமா, 8:16*
பாட்டில்ல என்ன பேர் போட்டிருக்கு?

*கார்த்தி, 8:16*
பழைய ஜாம் பாட்டில் மாமா. மூடியில மார்க்கர்ல 4350ன்னு எழுதியிருக்கு.

*முருகேசன் மாமா, 8:19*
வேணவே வேணாம். 4350ன்னு ஐஎம்ஆர் பிராண்டுல ஒண்ணு இருக்கு, ஹாட்ஜ்டன் பிராண்டுல எச்4350ன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் லோடு (போடற அளவு) வேற. அதுவும் ரெண்டுமே ரைஃபிள் பவுடர், பிஸ்டலுக்கு ஆகாது. உள்ள இருக்கறது அதுதான்னு யார் கண்டா? நிறத்தையும் மணியையும் பாத்து எந்த பவுடர்னு யாராலும் சொல்ல முடியாது. கம்பெனி டப்பாவை விட்டு வெளிய வந்த பவுடரை யார் குடுத்தாலும் வாங்காதே.

மேஜை மேல எப்பவும் ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும். வேலை முடிஞ்சதும் மிச்சத்தை அதுலயே கொட்டிடு. மெஷின்ல விட்டு வச்சா மறுவாரம் அது எதுன்னு மறந்துடும்.

*அனிதா அக்கா, 8:23*
முதல்ல ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் பண்ற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்கு கார்த்தி. ப்ரொக்ரெசிவ்ல ஒரு இழுப்புக்கு நாலஞ்சு வேலை சேர்ந்து நடக்கும். நடுவுல ஒரு கேஸ் சிக்கிக்கிச்சுன்னா கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுவே. அப்பதான் ஒரே கேஸ்ல ரெண்டு தடவை பவுடர் விழும், இல்லைன்னா ஒண்ணுமே விழாம நகர்ந்துடும்.

*கார்த்தி, 8:24*
ரெண்டு தடவை விழுந்தா வழியாதாக்கா?

*அனிதா அக்கா, 8:28*
வழிஞ்சா நல்லதாச்சே! 9 எம்எம்முக்கு வேகமா எரியற பவுடர் நாலஞ்சு கிரெயின்தான் (பவுடரை நிறுக்கற எடை அளவு), கேஸ்ல பாதி கூட வராது. டபுள் விழுந்தாலும் மேல புல்லட் பாட்டுக்கு உக்காந்துக்கும். .38 ஸ்பெஷல் இன்னும் மோசம். அது கரிமருந்து காலத்து கேஸ், நீளம். மூணு மடங்கு போனாகூட இடம் இருக்கும். அதனால மேனுவல்ல (லோடு அளவு போட்ட புத்தகம்) இருக்கறதுலயே கேஸ்ல பாதிக்கு மேல நிக்கற பவுடரா பாத்து எடு.

*முருகேசன் மாமா, 8:31*
50 கேஸையும் லோடிங் பிளாக்ல (குழி போட்ட தட்டு) நிக்க வச்சு, புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா எட்டிப் பாரு. ஒண்ணோட மட்டம் ஏறியோ இறங்கியோ தெரிஞ்சா கொட்டிட்டு மறுபடி நிறுத்துப் போடு.

தராசு கிரெயின்ல நிக்குதான்னும் பாத்துக்கோ. 1 கிராம்னா 15.43 கிரெயின். மின்விசிறிக் காத்து பட்டாலே டிஜிட்டல் தராசு ஆடும். எடை தெரிஞ்ச செக் வெயிட் வச்சு நடு நடுவுல சரிபாரு.

*செல்வி அத்தை, 8:33*
ஏங்க, பவுடர் விழலைன்னா வெடிக்காது, அவ்வளவுதானே? அதுல என்ன ஆபத்து?

*முருகேசன் மாமா, 8:38*
அதுலதான் நிறைய துப்பாக்கி போகுது செல்வி. பிரைமர் விசையே புல்லட்டை பேரலுக்குள்ள தள்ளிடும், ஆனா வெளிய வராது, பாதியில நின்னுடும். 'டப்'னு சின்ன சத்தம், உதை இருக்காது. அது தெரியாம அடுத்ததைச் சுட்டா பேரல் வீங்கும், சமயத்துல பிளந்துடும்.

சத்தம் வித்தியாசமா இருந்தா அங்கேயே நிறுத்தணும். முனையை இலக்குப் பக்கமே வச்சு 30 விநாடி பொறுக்கணும். அப்புறம் மேகசினைக் கழட்டி, தோட்டா உக்கார்ற சேம்பரைக் காலி பண்ணி, கழட்டின பேரலுக்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாக்கணும்.

*அனிதா அக்கா, 8:39*
பக்கத்து லேன்ல சுட்டுக்கிட்டிருந்தா அந்த 'டப்' காதுல விழாது. அதனால ரீலோட் பண்ணினதை சடசடன்னு சுடவே கூடாது.

*கார்த்தி, 8:41*
மேனுவல்ல மேக்சிமம்னு ஒரு அளவு இருக்கே, அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாமா?

*அனிதா அக்கா, 8:46*
கூடாது. ஸ்டார்ட்னு போட்டிருக்கும் பாரு, அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. மேனுவல்ல சொன்ன அதே புல்லட்தான் வைக்கணும், மொத்த நீளமும் காலிப்பர்ல அளந்து அதேதான் இருக்கணும். 9 எம்எம் சின்ன கேஸ். புல்லட் கொஞ்சம் ஆழமா போனாலே அழுத்தம் எகிறிடும், அதோட உச்ச வரம்பே 35,000 பிஎஸ்ஐ. செஞ்ச தோட்டாவை மேஜை விளிம்புல கட்டைவிரலால அழுத்திப் பாரு. புல்லட் உள்ள போச்சுன்னா அது ரிஜெக்ட்.

*செல்வி அத்தை, 8:48*
இதையெல்லாம் சமையலறை மேஜையில வச்சுப் பண்ணிடாதடா. குழந்தை இருக்கற வீடு.

*முருகேசன் மாமா, 8:53*
அத்தை சொல்றது சரி. சுட்ட கேஸ்ல ஈயத் தூசி இருக்கும், பிரைமர்லேர்ந்து வர்றது. கேஸை சுத்தம் பண்ற டம்ப்ளர் மெஷினை வெளிய வச்சு ஓட்டு. கை கழுவாம எதையும் வாயில வைக்காதே.

பிரைமரை டப்பியிலேர்ந்து எடுத்து கண்ணாடி ஜாடியில குவிச்சு வைக்கவே கூடாது, ஒண்ணு வெடிச்சா மொத்தமும் வெடிக்கும். கீழ சிந்தினதை வேக்யூம்ல உறிஞ்சாதே, கையால பொறுக்கு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம பிரஸ் பக்கமே போகாதே.

*கார்த்தி, 8:55*
சரி மாமா. நல்லா வந்தா ரேஞ்சுல பசங்களுக்கும் செஞ்சு குடுக்கலாமா?

*முருகேசன் மாமா, 8:57*
காசுக்கு விக்கறதைத் தொழிலா பண்ணினா ஏடிஎஃப்ங்கற மத்திய அரசுத் துறையோட லைசென்ஸ், டைப் 6 வேணும். சும்மா குடுக்கறதும் வேணாம். உன் துப்பாக்கியில பாத்துப் பாத்து ஏத்தின லோடு அவன் துப்பாக்கிக்கு ஒத்துக்கும்னு சொல்ல முடியாது.

*கார்த்தி, 8:58*
👍 சிங்கிள் ஸ்டேஜே போடறேன்.